பேரலில் இறங்கிய தண்ணீர்

முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் ஜீப்பு தன் நோயைக் காட்டும். போடி ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. மேட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, கியரைக் குறைத்து மிதிக்கும்போது இஞ்சின் விக்கும். மனிதருக்கு வருகிற விக்கல் மாதிரியேதான். அடுத்து பின்னால் வெள்ளையாகப் புகை தள்ளும். எவ்வளவு மிதித்தாலும் இழுவை இருக்காது. சில நாள் அப்படியே முனகிக்கொண்டு வளைவைக் கடந்துவிடும். சில நாள் நின்றுவிடும்.

நான் ஓட்டுவது ஆள் ஏற்றும் ஜீப்பு. விடியற்காலையில் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். காய் எடுத்து முடித்ததும் சாயந்திரம் அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். எனக்குப் பேச்சு வராது. பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆட்களுக்கு எதிரே நின்று பேசுவதென்றால் இந்த வயதிலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. டிரைவர் வேலையில் ஒரு வசதி உண்டு. யார் என்ன கேட்டாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லலாம்.

வண்டி நின்றால் பெண்களை இறங்கச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் இருப்பவர் முதலில் குதித்து, சீட்டுக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். மற்றவர்கள் தூக்குவாளியோடு ஒவ்வொருவராக இறங்கி வளைவு முடிகிற இடம்வரை நடப்பார்கள். நான் வெற்று வண்டியை எப்படியாவது கிளப்பி மேலே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருப்பேன். இந்த ரோட்டில் பழைய ஜீப்பில் போகிறவர்களுக்கு இது பழகினதுதான். எப்போதோ ஒரு தடவை என்றால் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். அந்த மழைக்காலத்தில் அடிக்கடி நடக்க வேண்டியதாயிற்று. சேலைக்கு மேல் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டை நனைய, தலையில் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு, சாரலில் வரிசையாக ஏறி வருவார்கள். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரும் அம்மாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. என்னைவிட மூத்தவர். ஒரு நாள் நடந்து வந்து ஏறியதும், ஈரக் காலை உதறிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏப்பு, நாங்க நடக்குறதுக்குச் சம்பளம் வாங்குறோமா, காய் எடுக்குறதுக்கு வாங்குறோமா?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளைவில் நின்ற வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால், முட்டுக்கட்டை கொடுக்கிறவர் குதித்து இறங்குவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். வெளிப்பக்கம் இருப்பது இடுப்பளவு சுவர்தான். அந்தச் சுவரும் சில இடங்களில் உடைந்து கிடக்கும். ஏறும் வழியெல்லாம் என் கை ஹேண்ட் பிரேக்கில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் டீசல் பில்டரைக் கழற்றினார். தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பாதியாக வெட்டி, பில்டருக்குள் இருந்ததை அதில் ஊற்றி, மதில்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பாட்டிலில் இரண்டு நிறம் பிரிந்திருந்தது. மேலே டீசல். கீழே கலங்கிய தண்ணீர், துருவோடு.

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. தண்ணி குடிக்குது. தரையில ஓடுறப்ப அது டேங்க்கு அடியில சும்மா கெடக்கும். மேடு ஏறுறப்ப பின்னால வழிஞ்சு குழாய் வாய்க்கு வந்துரும். எங்க போடுறீக டீசலு?"

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் தன் வண்டிக்கு வேலை பார்க்க வந்திருந்த இன்னொரு ஜீப்பு டிரைவர் எனக்காகப் பதில் சொன்னார். "அண்ணே எங்க பெட்ரோல் பங்குல போடுறாரு? தோட்டத்துப் பேரல்ல இருந்துல்ல அடிக்கிறாரு." சொல்லிவிட்டு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் ரோட்டில் டீசலில் தண்ணீர் என்று சொன்னால் அது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை. பேரலைக் காக்கிறவன் டீசலை எடுத்து விற்றுவிட்டு, மட்டம் குறையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தான் என்று பொருள். எங்கோ யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள், அதனால் வந்த பேச்சு. எங்கள் தோட்டத்துப் பேரலைக் காக்கிறவர் என் அக்காவின் வீட்டுக்காரர்.

தோட்டத்தில் டீசல் போட்டுக்கொள்வது வண்டிக்குப் பேசின ஏற்பாடு. மருந்தடிக்கும் இஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் வாங்கி வைக்கிற பேரலிலிருந்து என் வண்டிக்கும் கைப்பம்பால் அடித்துக்கொள்வேன். காய் உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரின் சாவி மச்சானிடம். வாரத்தில் ஆறு நாளும் அவர் மலையிலேயே தங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடிக்கு வருவார். சொந்த ஊர் ராசிங்காபுரம். அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். இவர் ஒருவர்தான் மலைக்கு வந்தவர். மலையாளத்து ஆட்களோடு பழகி எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்பதற்கு "கொழப்பமில்லே" என்பார். எனக்கு இந்த ஓட்டத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இது உங்க அக்கா வீட்டு விசயம். இதுல நான் வாயத் தொறந்தா நாளைக்கு எம் பேருல வரும்," என்று முடித்துவிட்டாள். மச்சான் அன்று போடியில்தான் இருந்தார். ஒரு தெரு தள்ளி. போய்ச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வாசல்வரை போனேன். எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது "நீங்கள் எடுத்தீர்களா" என்ற கேள்வியில்தான் போய் முடிந்தது. உண்மையைச் சொன்னால், அவர் எடுத்திருக்க மாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் தண்ணீர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போய் என்ன சொல்வது?

மறுநாள் காலையில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் பேச்சு பெண்களிடம் வந்து சேர்ந்திருந்தது. ஏறும்போதே ஒருத்தி, "தண்ணி போட்ட டிரைவரு வண்டியில போயிருக்கோம், தண்ணி போட்ட வண்டியில இப்பத்தான் போறோம்," என்றாள். வழக்கமான கேலிதான். ஆனால் குரங்கணி ரோடு பிரிகிற இடம் தாண்டியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பார்கள். வருடக்கணக்காக அந்த இஞ்சினோடு இருப்பவனுக்கு அதற்கு அப்பால் இருப்பதும் கேட்கும்.

"டீசல்ல கை வச்சவுகளுக்கு எடையில கை வைக்க எம்புட்டு நேரமாகும்?"

சாயந்திரம் ஸ்டோர் வாசலில் பெண்கள் எடுத்த காயை எடை போடுவதும் மச்சான்தான். மிஷினில் எண் தெரிகிற முகப்பு அவர் பக்கம் இருக்கும். அவர் எண்ணைச் சொல்வார், மேஸ்திரி எழுதிக்கொள்வார். யாரும் அதை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. பேரல் பேச்சு எங்கே போய் நிற்கப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீசல் முதலாளியுடையது. காய் எடை அந்தப் பெண்களுடைய உழைப்பு. அதில் அவர்மேல் சந்தேகம் விழுந்தால் மச்சான் அந்த வாசலில் நிற்க முடியாது.

அன்றும் ஒரு வளைவில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை.

தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு ஸ்டோருக்குப் போனேன். மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"வா மாப்ளே. தண்ணி புடிக்க வந்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மருந்தடிக்கிற இஞ்சினு ஓடுது. ஜெனரேட்டரு ஓடுது. ஒன் ஜீப்புக்கு மட்டும் எங்கிட்டிருந்து வந்துச்சு தண்ணி? ஒர்க்‌ஷாப்புல ஊரக் கூட்டி பாட்டில்ல காட்டுனியாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நான் காட்டவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் சாவியைப் படியில் வைத்துவிட்டு, "நீயே போயிப் பாரு. நான் வந்தா தொடச்சு வச்சுட்டேம்பாக," என்று சொல்லிவிட்டுக் காய்த்தட்டுகள் பக்கம் போய்விட்டார்.

பேரல் ஸ்டோருக்குப் பின்னால், தாழ்வாரத்தில் நிமிர்ந்து நின்றது. படுக்க வைத்தால் கைப்பம்பு போட முடியாது, அதனால் எப்போதும் நிமிர்த்திதான் வைப்பது. காற்றில் தாழ்வாரத்துத் தகரம் ஒன்று பறந்துபோயிருந்தது. அதை மாட்ட ஆள் கிடைக்கவில்லை என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பேரலின் தலையில் காய்ச் சாக்கை மடித்து மடித்துப் போட்டு, மேலே கல் வைத்திருந்தார். மலையில் எதை மூடினாலும் சாக்கால்தான் மூடுவோம். இஞ்சினுக்குச் சாக்கு, விறகுக்குச் சாக்கு, மழையில் நடந்தால் தலைக்கும் சாக்கு.

தினமும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் பம்பை இறக்குவேன். ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் எது ஈரமாக இல்லை? அன்றைக்குத்தான் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். பிழிந்தேன். தண்ணீர் கொட்டியது. நிற்காமல் கொட்டியது. பேரலின் தலை ஒரு தட்டு மாதிரி, சுற்றிலும் விளிம்பு. சாக்கிலிருந்து இறங்கின தண்ணீர் அந்தத் தட்டில் தேங்கி, மூடி அதில் மூழ்கிக் கிடந்தது. பம்பு போட்டு எடுக்கும் மூடி என்பதால் கையால் திருகுவதோடு சரி, யாரும் இறுக்குவதில்லை. வெயில் பட்ட நேரம் பேரல் சூடாகி மூச்சு விடும். குளிர்ந்ததும் மூச்சை உள்ளே இழுக்கும். மூடிமேல் இருப்பதைத்தான் இழுக்கும். மழை நேராக விழுந்திருந்தால்கூட வெயிலிலும் காற்றிலும் காய்ந்திருக்கும். சாக்கு அதைப் பிடித்து வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறது.

"மச்சான், இங்க வாங்க," என்று கூப்பிட்டேன். குரல் போதவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

அவர் வந்தார். நான் எதையும் விளக்கவில்லை. மூடியைத் திறந்து, பம்பை அடிவரை இறக்கி, ஒரு பாட்டிலில் அடித்தேன். முதலில் வந்தது தண்ணீர். நிறையவே வந்தது. விடாமல் அடித்தபோது நிறம் மாறி டீசல் வந்தது. அவர் கேட்ட கேள்விக்கும் அங்கேயே பதில் இருந்தது. ராத்திரி முழுக்க அசையாமல் இருந்த பேரலில் காலையில் முதல் ஆளாகப் பம்பை வைக்கிறவன் நான். அடியில் தங்கினதெல்லாம் என் வண்டிக்குப் போய்விடும். மருந்தடிக்கிறவர்கள் பிற்பாடு வந்து நல்ல டீசலை எடுத்துப் போவார்கள்.

மச்சான் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"நனையக் கூடாதுன்னுதான மாப்ளே மூடுனேன்," என்றார். கோபம் இல்லை. அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. குரல் ஒரு மாதிரி இறங்கிப்போயிருந்தது.

அன்றைக்கே பேரலை ஸ்டோருக்குள் உருட்டி வைத்தோம். தெளிந்தது வேறு பேரலுக்குப் போனது, அடியில் இருந்ததைக் குழி தோண்டி ஊற்றினோம். ஜீப்பின் டேங்க்கை நானே இறக்கினேன். மிச்சத்தை வடித்து, நல்ல டீசலால் இரண்டு தடவை அலசி, துணியால் துடைத்து, பைப்பை ஊதி, புது பில்டர் மாட்டி, குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கொஞ்சம் புகைத்தது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. மச்சான் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தார். சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் வண்டி ஓர் இடத்தில்கூட விக்கவில்லை. ஒரே இழுப்பில் போடிமெட்டு ஏறியது. அதுவே வினையாகப் போயிற்று. டீசலை மாற்றியதும் வண்டி ஓடுகிறதென்றால் தண்ணீர் இருந்தது உண்மைதானே என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அகப்பட்டதும் மச்சான் ராவோடு ராவாக டீசலை மாற்றிவிட்டார் என்று ஒருத்தி சொன்னாள். அன்று சாயந்திரம் எடை போடும்போது முதல் தடவையாக ஒரு பெண் மிஷினுக்கு அந்தப் பக்கமாகக் கழுத்தை நீட்டி எண்ணைப் பார்த்தாள். அடுத்து வந்தவளும் பார்த்தாள். மச்சான் பார்க்காதவர் போல எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஜீப்புக்குள் இருந்து பார்த்தேன். அவர் கழுத்து சிவந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. மச்சான் சாவியைக் கொடுத்துவிட்டு ராசிங்காபுரத்துக்கே போய்விடப் போவதாகச் சொல்கிறாராம். அங்கே தம்பிகள் பார்க்கும் நிலத்தில் இந்த வயதில் போய் யாருக்குக் கீழே நிற்பது என்று அக்கா கேட்டாள். பேரல் தண்ணீர் மழைத் தண்ணீர் என்று அவரே சொன்னால் சமாளிக்கிறார் என்பார்கள். அவள் சொன்னால் புருசனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள்.

"நீ சொல்லு தம்பி. நீ பேசாதவன். பேசாதவன் சொன்னா எடுபடும்."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. திங்கட்கிழமை ஏறும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. போடிமெட்டில் டீக்கு நிறுத்தியதும் இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, பின்பக்கம் போய் நின்றேன். பனிமூட்டமாக இருந்தது. இறங்க எழுந்த பெண்கள் என்னைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அந்தத் தண்ணி மழத் தண்ணி. சாக்கு வழியா எறங்குனது. நான் பிழிஞ்சு பாத்தேன். மச்சான் எடுக்கல."

இவ்வளவுதான் வந்தது. தயார் செய்து வைத்திருந்ததில் பாதி போய்விட்டது. பேரல் மூச்சு விடுவதைப் பற்றி, காலையில் முதல் ஆளாக நான் அடிப்பதைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் இருந்தவள், "ஒங்க மச்சானுக்கு நீங்க பேசாம வேற யாருண்ணே பேசுவா?" என்றாள். வெடுக்கென்று சொல்லவில்லை. நியாயமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். முன்சீட்டு அம்மா இறங்கி வந்து அவளை அதட்டினார்.

"சும்மா இரு. இந்த அப்பு எறங்கி வந்து ஒரு வார்த்த பேசி நீ எப்பயாச்சும் பாத்துருக்கியா? எனக்குப் போதும்." பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாரு மனசுக்கும் நான் பதில் சொல்ல முடியாதுப்பு. என் மனசுக்குச் சொல்லிக்கிறேன்," என்றார்.

அன்று சாயந்திரம் நான் ஜீப்பை விட்டு இறங்கி ஸ்டோர் வாசலுக்கே போனேன். முதல் மூட்டையோடு அந்த அம்மாதான் நின்றார். மச்சான் மிஷினைத் திருப்பி வைத்திருந்தார். எண் தெரிகிற முகப்பு பெண்கள் பக்கம் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெறும் தகரம்தான் தெரியும்.

"இத என்னத்துக்குத் திருப்பிவச்ச? பழையபடி வையி," என்றார் அம்மா.

"இருக்கட்டும் ஆத்தா. நீயே பாத்துச் சொல்லு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நின்றது. கடைசியில் குனிந்து எண்ணை வாசித்தார். மேஸ்திரி எழுதிக்கொண்டார். அடுத்தவள் மூட்டையை வைத்து, அவளும் வாசித்தாள். சிலர் சங்கடப்பட்டு மெதுவாக வாசித்தார்கள். சிலர் நன்றாகக் கிட்டே போய், கவனமாகப் பார்த்து வாசித்தார்கள். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏலச் செடிகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. எடையில் ஒரு தகராறும் இல்லை. அன்று இரவு அக்கா போனில் கேட்டாள், என்ன ஆயிற்று என்று. சாவி மச்சானிடம்தான் இருக்கிறது, அவர் எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். மிஷின் திரும்பி நிற்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.